ஜெசிந்தா ஓடாத எண்ணூறு மீற்றர்

1

அந்த எண்ணம் எனக்கு ஏணியின் மேல் நிற்கும்போதுதான் வந்தது.

பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில் ஓர் அறை முழுக்கப் புத்தகம். வீட்டுக்கார அம்மாவான சின்னோராவின் காலஞ்சென்ற கணவர் சட்டத்தரணி. திங்கட்கிழமைகளில் மேல்தட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். திறந்து பார்க்கக் கூடாது என்று சின்னோரா ஒருநாளும் சொன்னதில்லை. நான் திறந்துதான் துடைப்பேன்.

போன வருடம் பங்குனியில் ஒரு திங்கள், விளையாட்டுப் போட்டிகளின் வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. நடுவில் ஒரு கோட்டுச் சித்திரம். கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு மனிதன் தொங்கிக்கொண்டு கொடி ஒன்றை ஆட்டுகிறான். என் இத்தாலிய அறிவு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வரிசையிலும் சமையலறையிலும் பொறுக்கியது. ஆனாலும் அந்தப் பக்கத்தை விட மனம் வரவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

1906, ஏதென்ஸ் நகரம். ஒலிம்பிக் மறுபடி தொடங்கிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. (அந்த வருடத்துப் போட்டியைப் பிறகு கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம்.) அயர்லாந்துக்காரன் ஒருவன் பச்சை மேற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, தன் நாட்டுக்காக நீளம் பாயப் போகிறான். போய்ப் பார்த்தால் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே பிரித்தானியா. பாய்ச்சலை அளந்த ஒரே நடுவர் எதிரணியின் முகாமையாளர்! முறைப்பாடு செய்தான், எடுபடவில்லை. இரண்டாம் இடம். பரிசளிப்பில் பிரித்தானியக் கொடி ஏறியதும், இவன் கம்பத்தில் தொற்றி ஏறி, ஒளித்துக்கொண்டு போயிருந்த பச்சைக் கொடியை விரித்து ஆட்டினான். மேலே ஒருவரும் போய்விடாதபடி கூட்டாளிகள் கீழே காவல் நின்றார்கள்.

ஏணியில் நின்றபடியே கைதட்டினேன். "என்னத்தை உடைத்தாய்?" என்று சின்னோரா சமையலறையிலிருந்து கத்தினார்.

அதற்கு முதல்நாள்தான் கத்தோலிக்கக் கோவில் வாசலில் ஒரு சுவரொட்டி பார்த்திருந்தேன். பலெர்மோவில் வாழும் எல்லா நாட்டு மக்களுக்குமான முதலாவது மெய்வல்லுநர் விழா, மே மாதம், அந்தந்த மக்கள் தங்கள் கொடியோடு அணிநடையில் வரலாம் என்று போட்டிருந்தது. சுவரொட்டியும் கம்பத்தில் தொங்கிய மனிதனும் என் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதின. கீழே இறங்கும்போது எனக்குள் ஓர் அணியே தயார்.

2

அணி என்றால் முதலில் ஜெசிந்தாதான்.

பதினாறு வயது. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. ஒன்பது வயதில் தகப்பன் அன்ரனி அண்ணையோடு இங்கே வந்து சேர்ந்தவள். தாய்க்கு அந்த நேரம் பேப்பர் சரிவரவில்லை. அடுத்த முறை கூப்பிடலாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். அந்த அடுத்த முறைக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. தாய் மடுவில், அகதி முகாமில். அன்ரனி அண்ணை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்க்கிறார். குளிக்க வார்த்து, சவரம் செய்து, சாப்பாடு தீத்தி, பக்கத்திலேயே படுக்கிற வேலை.

ஜெசிந்தா ஓடுவதை நான் முதலில் பார்த்தது பொலிதேயாமாச் சதுக்கத்தில். புறப்பட்டுப் போய்விட்ட பஸ்ஸைப் புத்தகப் பையோடு துரத்தி, அடுத்த தரிப்பில் எட்டிப் பிடித்தாள். சாரதி கதவைத் திறந்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினான்.

யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு இல்லத் தலைவி. அஞ்சலோட்டத்தில் கடைசிக் கோல் எனக்குத்தான். கால் எப்படி விழுகிறது என்று பார்த்தால் எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையின் கால் நிலத்தில் படுவதே இல்லை!

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. பலெர்மோத் தமிழரின் பெண்பார்த்தல், கோபம், சமாதானம் எல்லாம் வியாழனில்தான் நடக்கும். நாங்கள் இருவரும் பஸ் எடுத்து ஃபவோரீத்தா பூங்காவுக்குப் போவோம். நேர்ச்சாலை ஒன்றில் எண்ணூறு மீற்றர் அளந்து வைத்திருந்தேன்.

"அக்கா, எனக்குப் பின்னாலை ஆராவது கத்தினால்தான் ஓட்டம் வரும்."

"என்னெண்டு கத்த?"

"பஸ் போகுது எண்டு கத்துங்கோ."

கத்தினேன். மரத்தடியில் பந்து விளையாடிய சிசிலியப் பொடியளும் எனக்குப் பின்னால் தமிழில் "பஸ் போகுது!" என்று கத்தப் பழகிக்கொண்டார்கள். நாலாவது வியாழன் இரண்டு நிமிடம் முப்பத்தொன்பது செக்கன். மூச்சு வாங்க, புல்லில் குப்புறக் கிடந்தபடி அவள் சொன்னாள்:

"முதல் ரெண்டு பேரை கிளப்புக்கு எடுப்பினமாம். கோடை முழுக்கப் பயிற்சியாம். சல்வோ சொன்னவர்."

சல்வோ விழாவை நடத்தும் சங்கத்தின் செயலாளர், முப்பது வயதுப் பொடியன், நல்ல மனம்.

"எடுத்தால் அப்பா விடுவாரோ?"

"அப்பா பள்ளிக்கூடம் முடிய என்னைச் சலோனிலை தலை கழுவ விடப்போறார். சொல்லி வைச்சாச்சு. கிளப் எண்டு ஒரு கடுதாசி வந்தால் மட்டும்தான் நான் 'மாட்டன்' எண்டு சொல்லலாம், அக்கா. வெறும் வாயாலை சொன்னால் எடுபடாது."

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு ஓட்டப்போட்டி ஒரு பொழுதுபோக்காகத் தெரியலாம். இந்தப் பிள்ளைக்கு அது ஒரு கதவு. வேறு கதவு கிடையாது.

3

வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருந்த சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பப் போனேன். குடும்பப் பெயர், பெயர், நாடு. மூன்றே மூன்று வரி. இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியில் ஜெசிந்தாவின் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அன்ரனி. அன்ரனி அண்ணைக்கு அதே இடத்தில் அவருடைய தகப்பன் பெயர், சவரிமுத்து. தாயின் கடுதாசியில் இன்னொன்று. நாங்கள் தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுகிறவர்கள். ஏழு வருடமாக இதைக் குவெஸ்தூராவில் சொல்கிறோம், ஆஸ்பத்திரியில் சொல்கிறோம், பள்ளிக்கூடத்தில் சொல்கிறோம்.

சல்வோ தலையைச் சொறிந்தான். "ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயரா? பிறகு யார் யாருடைய ஆள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரிவதில்லை," என்றேன். சிரித்தான்.

அடுத்தது நாடு. நான் கொஞ்சமும் யோசிக்காமல் "தமிழ்" என்று எழுதினேன். என் கண்ணில் அப்போது அந்தக் கம்பத்து மனிதன்தான். சல்வோ பக்கத்து அறைக்குப் போய் ஓர் உலகப்பட நூலைத் தூக்கிவந்தான்.

"காட்டு."

தீவின் வடக்கில் விரலை வைத்தேன்.

"இங்கே ஸ்ரீலங்கா என்றுதானே போட்டிருக்கிறது? ஸ்ரீலங்கா அணி ஏற்கெனவே பதிந்துவிட்டதே. ஒன்பது சிங்களப் பையன்கள். மரியாதையான பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து வரலாமே?"

"முடியாது."

"சரி. உங்கள் கொடி என்ன நிறம்? நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்க வேண்டும்."

"ஞாயிறு சொல்கிறேன்," என்றேன். கொடியின் நிறத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்த்துவிடலாம் என்று நினைத்த ஆள் நான்! இருபத்தைந்து வயது, உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, அவ்வளவு படித்தும் அந்த மூளைதான்.

4

ஞாயிறு பூசை முடிய, கோவில் மண்டபத்தில் கூட்டம். கத்தோலிக்க வேதக்காரர், சைவக்காரர் எல்லோரும் வந்தார்கள். முன்வரிசையில் செல்வராசா அண்ணை. பொலிதேயாமாவில் கந்தோர்கள் துப்புரவு செய்பவர். இயக்கத்துக்கு இங்கே எது நடந்தாலும் முன்னுக்கு நிற்பவர்.

"கொடிதான் இருக்கே," என்றார் அவர். "இருக்கிற கொடியை விட்டிட்டு என்ன கூட்டம்?"

"அந்தக் கொடியோடை போய் நிண்டால், நாளைக்கு எங்கடை பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிச்சுத் தாறது ஆர்? நீரோ?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"அப்ப சிங்கக் கொடியைத் தூக்கும். தூக்கிக்கொண்டு ஓடும்."

அடிபிடி தொடங்குமுன் நான் எழுந்தேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால், நாங்கள் என்ன நாடு பார்த்தா ஓடினோம்? நிறம்தானே? எங்கள் இல்லம் மஞ்சள். மஞ்சள் தாளில் சோடனை, மஞ்சள் கொடி, மஞ்சள் ரிப்பன். அலங்கார நடுவரின் மகள் ஊதா இல்லத்தில் இருந்தாள் என்பதற்காகப் பரிசளிப்பில் ஒருத்தரும் கைதட்டாமல் இருந்தோம். எங்கள் அரசியல் அவ்வளவுதான். ஆகவே, ஒரு நிறத்தைத் தெரிவோம், அந்தத் துணியோடு நடப்போம் என்றேன்.

மண்டபம் கொஞ்சம் அமைதியானது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"அப்ப பச்சை," என்றேன்.

"பச்சை கொழும்பிலை யானைக் கட்சி."

"நீலம்?"

"அது இப்ப ஆளுற கட்சி. குண்டு போடுறவையின்ரை நிறத்திலையோ பிள்ளை ஓடுறது?"

"சிவப்பு?"

"தனிச் சிவப்பெண்டால் கொம்யூனிஸ்ட். பாதர் மண்டபத்தைப் பூட்டிப்போடுவார்."

"மஞ்சள்?"

"ஓ, மஞ்சள்!" செல்வராசா அண்ணை முதல்முறையாகச் சிரித்தார். இயக்கக் கொடி சிவப்பும் மஞ்சளும். "நல்லது. சிவப்பை நாங்கள் வாசல்லை நிண்டு பூசிவிடுறம்."

"செம்மஞ்சள்?"

"அது லங்காக் கொடியிலை தமிழனுக்கெண்டு விட்ட கீலம். சிங்கம் வாளோடை பாத்துக்கொண்டு நிக்குமே, அந்தப் பக்கம்."

சனம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "அப்ப வெள்ளை. வெள்ளைக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரேலாதுதானே?" என்றேன்.

சிரிப்பு நின்றது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண், போன வருடம்தான் வந்து சேர்ந்தவர், மெதுவாகச் சொன்னார்: "வெள்ளைச் சீலையைப் பிடிச்சுக்கொண்டு வெளியாலை வந்தவை என்ன ஆனவை எண்டு தெரியுமோ, தங்கச்சி? எனக்குத் தெரியும். என்ரை தம்பியும் அதுக்குள்ளை."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர், "வெறுங்கம்பை மட்டும் கொண்டு போவமே," என்றார். "கம்போடை போனால் கரபினியேரி பிடிப்பான்," என்றார் இன்னொருவர். ஆனால் ஒருவரும் உண்மையாகச் சிரிக்கவில்லை. இந்த முறை அணி ஒன்றும் அனுப்பாமல் பேசாமல் இருப்போம் என்று தீர்மானம். வந்த அத்தனை பேரும் ஒருமித்துக் கை தூக்கிய ஒரே தீர்மானம் அதுதான்.

5

மறுநாள் அன்ரனி அண்ணை நான் வேலை செய்யும் வீட்டுப் படிக்கட்டில் வந்து நின்றார். முதியவருக்கு மருந்து வாங்க வெளிக்கிட்டவர். மருந்துப் பை கையில்.

"தங்கச்சி, பிள்ளையின்ரை பேரை வெட்டிவிடு."

"அண்ணை, கொடி இல்லாமலும் ஓடலாம். சல்வோ 'விருந்தாளி' எண்டு போட்டு விடுறாராம்."

"ஆரின்ரை விருந்தாளி?"

அவர் ஒரு படி மேலே ஏறி வந்தார்.

"கேள். தாய்க்கு ரெண்டு கடுதாசி வேணும். மடுவை விட்டு வெளிக்கிட இயக்கத்தின்ரை பாஸ். இஞ்சை கூப்பிட ரோமிலை லங்கா எம்பசியின்ரை முத்திரை. ஒரு கொடிக்குக் கீழை நிண்டால் மற்றவன் மறிப்பான். ஒரு கொடியும் இல்லாமல் நிண்டால், ஏன் எங்கடையைப் பிடிக்கேல்லை எண்டு ரெண்டு பேரும் கேப்பாங்கள்."

"ஆர் அண்ணை பாக்கப்போறாங்கள்? இது ஒரு சின்னத் திடல்."

"பாக்கமாட்டாங்கள் எண்டு நீ கையெழுத்து வைச்சுத் தருவியோ?"

வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் அந்த அயர்லாந்துக்காரனின் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கம்பத்தாலை இறங்கினவன் வீட்டை போனவனோ?"

"ஓம், போனவன்தான்."

"அவன்ரை மனிசி ஒரு காம்பிலை பாஸுக்குக் காத்துக்கொண்டு இருந்தவளோ?"

"அது புத்தகத்திலை இல்லை, அண்ணை."

"இருந்திருந்தால் அவன் ஏறியிருக்கமாட்டான்," என்றார். மருந்துப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு படி இறங்கினார்.

சல்வோ ஜெசிந்தாவின் பெயர்மேல் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினான். "பாவம்," என்றான். பெயரையா, பிள்ளையையா சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

6

விழாவன்று ஜெசிந்தா பார்க்க மட்டும் வந்தாள். நீளப் பாவாடை, பூசைக்குப் போடும் சப்பாத்து. கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். மொரீசியஸ்காரர், கானாக்காரர், துனீசியாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் பாட்டோடும் கொடியோடும் நடந்தார்கள். சிங்களப் பையன்கள் எங்களைக் கண்டு, உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார்கள். பதிலுக்குக் கையசைத்தால் யார் பார்ப்பார்களோ என்று நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். என் சப்பாத்தில் நாடா இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வாசலில் செல்வராசா அண்ணையின் ஆட்கள் இத்தாலிய மொழியில் இயக்கத்தின் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். போகிற போக்கில் ஜெசிந்தாவின் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள்.

பெண்கள் எண்ணூறு மீற்றரில் ஏழு பேர். மொரீசியஸ் பிள்ளை ஒன்று வென்றது. என் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு செக்கன். நான் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தேன். ஜெசிந்தா கண்டுவிட்டாள்.

"சொல்லாதேங்கோ அக்கா," என்றாள். "நானும் எண்ணிக்கொண்டுதான் நிண்டனான்."

செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் படம். வேலியைப் பிடித்தபடி ஜெசிந்தா. கையில் அந்தத் துண்டுப்பிரசுரம், முன்பக்கம் தெளிவாகத் தெரிய. பின்னால் சிங்கக் கொடி தாண்டிப் போகிறது. "ஸ்ரீலங்காவின் இளம் ரசிகை" என்று கீழே ஒரு வரி. எந்த இரண்டுக்கும் பயந்து ஓடாமல் நின்றாளோ, அந்த இரண்டும் ஒரே படத்தில்!

அன்ரனி அண்ணை அதைத் தன் முதியவருக்கு வாசித்துக் காட்டும் பேப்பரிலேயே கண்டார். அதன் பிறகு தெருவில் என்னைக் கண்டால் மற்றக் கரைக்கு மாறிவிடுகிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. படிவத்தில் பெயரை எழுதியது என் கை.

7

ஒரு வருடம் முடிந்துவிட்டது. அந்தப் படத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரோமில் முத்திரை ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. அங்கே பாஸுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று, கிடைத்துவிடும் என்று தாயின் கடைசிக் கடிதம். பிறகு வவுனியாப் பாதையில் சண்டை. இப்போது பாஸ் இருந்தாலும் வரப் பாதை இல்லை. நாலு மாதமாகக் கடிதமும் இல்லை.

யாராவது எங்களைப் பார்த்துக் கோபித்துத்தான் தடுத்தார்கள் என்றால் மனம் ஆறலாம். நாங்கள் பயந்து ஒளித்த யாரும் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு பிள்ளையின் ஓட்டத்தைச் சும்மா, ஒன்றுக்கும் இல்லாமல் எரித்திருக்கிறோம். காலையில் சின்னோராவின் வீட்டுக்குப் படி ஏறும்போது இந்த நினைப்பு வந்தால் பாதிப் படியில் நின்றுவிடுகிறேன்.

இந்த வருடச் சுவரொட்டி வந்துவிட்டது. சல்வோ படிவத்தை மாற்றியிருக்கிறான். நாடு என்ற வரியே இல்லை. எந்தக் குடியிருப்பில் வசிக்கிறீர் என்று மட்டும் கேட்டிருக்கிறது; அணிநடையும் கொடியும் கிடையாது. எனக்குப் பழைய பைத்தியம் பிடித்துவிட்டது. படிவத்தோடு வியா மக்வேதா முழுக்க ஓடிப்போய் சலோனுக்குள் நுழைந்தேன். ஆம், ஜெசிந்தா அங்கேதான் தலை கழுவுகிறாள். தலைமுடிக்குச் செம்பு நிறம் பூசியிருக்கிறாள். நாள் முழுக்க இத்தாலியம்தான் பேசுகிறாள்.

"தலை கழுவவோ அக்கா?" என்று கேட்டாள், கையில் நுரையோடு. படிவத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசித்தாள்.

"நாடு கேக்கேல்லை."

"ஓம். இருக்கிற இடம் மட்டும்தான்."

"போன வருசம் இப்பிடிக் கேட்டிருக்கலாம்."

"உன்ரை காலுக்கு ஒண்டும் ஆகேல்லையே. நாலு வியாழன் இருக்கு. வா."

"ஏலாது." நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் தலைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். "நான் நேர்ந்துபோட்டன். அண்டைக்குப் படம் வந்தவுடனை அப்பா மேசையிலை தலையை வைச்சு அழுதவர். நான் மடு மாதாவுக்குச் சொன்னன், அம்மா வந்து சேருமட்டும் ஓடமாட்டன் எண்டு. பஸ்ஸுக்கும் ஓடுறேல்லை, அக்கா. விட்டுவிடுவன்."

"எப்ப வருவா எண்டு தெரியாதே, ஜெசி..."

"தெரியும். வரமாட்டா எண்டும் நினைக்கிறன். சொன்னது சொன்னதுதானே." பிறகு தனக்குள் பேசுவதுபோல் இத்தாலியத்தில், "மெதுவாகப் போனாலும் வீட்டுக்குத்தானே போகிறேன்," என்றாள். நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் சிரித்தார். தனக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டார்.

கோவில் பாடகர் குழுப் பெண்கள் சொல்கிறார்கள், செய்த நேர்த்தியைப் பாதர் வேறொன்றாக மாற்றிக் கொடுக்க முடியுமாம். அதற்கு வழி இருக்கிறதாம். ஆனால் பிள்ளை தானாகப் போய்க் கேட்க மாட்டாள். ஆகவே வருகிற வியாழன் நாலு மணிக்கு நான் போகிறேன். திருநீறு பூசுகிற ஒருத்தி, வேதக்காரப் பிள்ளையின் நேர்த்தியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கப் போகிறேன். பதிலுக்கு என்ன செய்வாய் என்று அவர் கேட்டால், தாய் வந்து சேரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பெல்லெக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவின் கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுவேன் என்று சொல்வேன். சைவக்காரரும்தான் அங்கே ஏறுகிறார்கள். ஒருவரும் பெயர் கேட்பதில்லை.

தாய் வராவிட்டால் எத்தனை ஞாயிறு என்று அவர் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அவர் ஒத்துக்கொள்வார் என்றும், ஒத்துக்கொண்டாலும் ஜெசிந்தா ஓடுவாள் என்றும் எனக்கு நம்பிக்கை அதிகம் இல்லை. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். சனிக்கிழமை மதியம் வரை வாங்குவேன் என்று சல்வோ சொல்லியிருக்கிறான்.